ஏழாம் இலக்கத்தை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை

சுடலைமுத்து இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. சனிக்கிழமை காலை, ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் தெரு மூலையிலிருக்கும் டெயரிக் கடையில் பாலும் பாணும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கைத்தொலைபேசி அதிர்ந்தது. எங்கள் கரப்பந்தாட்டக் கழகத்தின் குழுவில் தலைவர் சிவபாலன் ஒரு படம் போட்டிருந்தார். சிவப்பு ஜேர்சி, அதன் நடுவே பெரிதாக ஏழு, மேலே முத்துவின் சிரித்த முகம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி. "எங்கள் ஏழாம் இலக்க வீரனுக்கு இறுதி வணக்கம்" என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம்தான் வந்தது. முத்து தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட எங்கள் ஏழாம் இலக்கத்தை அணிந்ததில்லை. அணிய ஆசைப்பட்டார். கடிதம் எழுதிக் கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. பதினொரு வருடம் மஞ்சள் ஜேர்சியில் பதினாலாம் இலக்கத்தோடு ஆடிய மனிதருக்கு, செத்து ஓர் இரவு போவதற்குள் சிவப்பை உடுத்தி ஏழாம் இலக்கத்தைக் குத்திவிட்டார்கள். நான் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அந்தப் படத்துக்கு முப்பது நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று கை தூக்கிய எட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது கஞ்சி வார்க்காதவன், செத்த பிறகு வாயில் பால் விட்டானாம்.

முத்துவின் மனைவி செல்வக்கனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பொதி செய்யும் இடத்தில்தான் முத்துவுக்கு வேலை. வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிகிற நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். எழும்பவில்லை. வயது நாற்பத்தாறு. அவ்வளவுதான் அந்தப் பிள்ளையால் சொல்ல முடிந்தது.

மத்தியானம் சிவபாலன் எடுத்தார்.

"அண்ணை, நினைவு மலர் ஒண்டு போடுறம். நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. ஏழாம் இலக்கத்துக்கு அவரைப்போலப் பொருத்தமான ஆள் இல்லை எண்டு வரவேணும்."

"என்ன எழுதவேணும் எண்டும் நீரே சொல்லித் தாறீரோ?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. செத்த வீடு."

கோபிக்காமல் வேறென்ன செய்கிறது? எழுதுகிறேன். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்காது.

தெரியாதவர்களுக்காக முதலில் ஏழாம் இலக்கத்தின் கதை. எங்கள் ஊரில் நவம் என்றொரு கரப்பந்தாட்டக்காரர் இருந்தார். ஏழாம் இலக்கம் அணிந்து ஆடினார். இருபத்து மூன்று வயதில் ஷெல் விழுந்து செத்துப்போனார். ஊரைவிட்டு ஓடி எங்கெங்கோ அலைந்து ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்த நாங்கள் எட்டுப் பேர், ஒரு கராஜுக்குள் இருந்து இந்தக் கழகத்தைத் தொடங்கினோம். முதலாவது தீர்மானமே ஏழாம் இலக்கத்தைக் கண்டபடி கொடுப்பதில்லை என்பதுதான். தகுதியானவரை ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கித் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவானவருக்கு நவத்தின் அக்கா தவமணி தன் கையால் ஜேர்சியைக் கொடுப்பார். அவரும் லின்ஃபீல்டில்தான் இருக்கிறார். தகுதியான ஆள் இல்லாத வருடங்களில் ஜேர்சி அவர் வீட்டு அலுமாரியில் இருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் செயலாளராகிய நான் இலக்கப்படி பெயர் வாசிக்கும்போது, ஏழு என்றதும் எல்லோரும் சேர்ந்து "நவம் எங்களோட" என்று சொல்ல வேண்டும்.

நவம் பெரிய அடிகாரர் என்பது எங்களுக்கெல்லாம் பாடம். அவர் எம்பி அடித்தால் வலைக்கு அந்தப் பக்கம் நிலம் குழியும். ஒருமுறை அவர் அடித்த பந்து எதிராளியின் கையில் பட்டுத் தெறித்துத் தென்னையில் ஏறிக் குரும்பட்டி விழுத்தியதாம். இந்தக் குரும்பட்டிக் கதையை நானே மேடையில் மூன்று தரம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். உண்மையில் நவம் ஆடிய காலத்தில் நாங்கள் எட்டுப் பேரும் காற்சட்டை நழுவ ஓடித் திரிந்த பொடியள். அவர் ஆடி ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்ததுபோலக் கதைக்க மட்டும் பழகியிருந்தோம்.

முத்து எங்களிடம் வந்தது ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை. பூங்காவில் வலை கட்டிக்கொண்டு நின்றோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், புக்கெகோஹியிலிருந்து தனியே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயரென்ன என்று கேட்டோம்.

"சுடலைமுத்துங்க."

சிவபாலன் விழுந்து விழுந்து சிரித்தார். "சுடலையோ? என்ன, எங்களைக் கொண்டு போகவே வந்தனீர்?"

எங்களுக்குச் சுடலை என்றால் சுடுகாடு. முத்துவுக்குக் கோபம் வரவில்லை. "எங்க ஊர்ல அது சாமி பேரு அண்ணாச்சி. எங்க குடும்பத்துல மட்டும் மூணு சுடலைமுத்து. ஒரு சத்தம் குடுத்தா மூணு பேரும் திரும்புவோம்" என்றார். எந்த இடத்தில் நின்று ஆடுவீர் என்று கேட்டேன். "எல்லாரும் வேண்டாங்கற எடத்துல" என்றார்.

அது பின்வரிசை. எதிராளி அடிக்கிற சேர்விஸை வாங்கி எடுக்கிற இடம். கரப்பந்தில் அடிக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். எடுக்கிறவன் பந்தைத் தவறவிட்டால் மட்டும் அவனைப் பார்ப்பார்கள், அதுவும் ஏசுவதற்கு. அன்றைக்கு எங்களில் பலசாலியானவனைக் கூப்பிட்டு அவருக்கு நேரே அடிக்கச் சொன்னோம். பந்து வந்த வேகமெல்லாம் அவர் முன்னங்கையில் பட்டதும் செத்து, மேலே எழுந்து, தூக்கிக் கொடுப்பவரின் விரல்களுக்கு நேரே இறங்கியது. ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு. சிவபாலனின் சிரிப்பு அதோடு நின்றது. "எப்படி ஐசே?" என்று கேட்டேன். "கீழ விழலன்னா நாம இன்னும் தோக்கல அண்ணாச்சி, அம்புட்டுதான்" என்றார். பதினொரு வருடத்தில் இந்த வசனத்தை அவர் வாயால் நூறு தரம் கேட்டிருப்பேன்.

பின்வரிசையில் நின்று எடுப்பதற்கென்றே இருக்கும் ஆளை லிபரோ என்பார்கள். விதிப்படி அவருக்கு மற்றவர்களைப்போல ஜேர்சி இல்லை, வேறு நிறம் கொடுக்க வேண்டும். நாங்கள் சிவப்பு, முத்து மஞ்சள். கைக்கு அகப்பட்ட பழைய மஞ்சள் ஜேர்சியில் பதினாலு என்று இருந்தது. தோளில் தொங்கும், இரண்டு முத்து உள்ளே போகலாம். அதைத்தான் கொடுத்தோம். "காத்தோட்டமா இருக்கு" என்று போட்டுக்கொண்டார்.

எப்சத்தில் ஒரு பாடசாலை உள்ளரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தை உங்களில் பலர் நேரே பார்த்திருக்கிறீர்கள். கடைசிச் செற். எதிரணியில் ஒருவன் அடித்த சேர்விஸ் கோட்டுக்கு வெளியே போகிறதென்று எல்லோரும் விட்டுவிட்டோம். முத்து விடவில்லை. பாய்ந்து எடுத்துக்கொண்டு போய் ஓரத்து மரவாங்கில் தலையோடு மோதினார். புருவம் பிளந்தது. நாங்கள் அந்தப் பந்தை அடித்துப் புள்ளி எடுத்தோம். முத்து ஒரு துணிப்பட்டையை இறுக்கி ஒட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றார். வென்றோம். ஆட்டநாயகன் விருது வழக்கம்போல அடிகாரனுக்கு. பிறகு கோப்பையோடு படம் எடுத்தோம். அந்தப் படம் இன்றைக்கும் கழகத்தின் பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது. போய்ப் பாருங்கள், அதில் முத்து இல்லை. அவர் அப்போது அரங்கின் மற்றக் கரையில் முழங்காலில் இருந்து, தரையில் சிந்தின தன் இரத்தத்தைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். பாடசாலைக்காரர் அடுத்தமுறை அரங்கு தரமாட்டார்களோ என்று பயம் அவருக்கு. "முத்து, வாரும் படத்துக்கு" என்று ஒரு குரல்கூட எழவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

அவர் ஏழாம் இலக்கத்தைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது ஒரேயொரு முறை. பொங்கல் விருந்துக்குக் காய்கறி எடுக்க அவரோடு காரில் போனேன். நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த ஏழ எனக்குத் தருவாவளா?"

"ஏன் ஐசே, பதினாலுக்கு என்ன குறை?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. வருசா வருசம் 'நவம் எங்களோட'ன்னு சொல்லுதோம்லா, நான் சொல்லும்போது மட்டும் யாரு வீட்டு எழவுக்கோ போயி அழுத மாதிரி இருக்கு. அதப் போட்டுட்டா நானும் உங்க ஆளுதான்னு ஆயிரும்லா."

"எழுதித் தாரும். மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். இந்த வசனத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். நான் பார்த்துக்கொண்ட இலட்சணத்தை இனிச் சொல்கிறேன்.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம், வாடகை மண்டபத்தில். வாக்குரிமையுள்ள பதினொரு பேர் வந்திருந்தோம். விண்ணப்பித்தவர் வெளியே நிற்க வேண்டும் என்பது வழக்கம். முத்து கதவுக்கு வெளியே போய் நின்றார். நான் அவருடைய கடிதத்தை வாசித்தேன். நாலு வரி. தனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து எடுப்பது மட்டும்தான், தகுதி உண்டென்று கழகம் நினைத்தால் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

முதலில் ஒருவர் சொன்னார், ஏழு அடிகாரனின் இலக்கம், முத்து இந்தக் கழகத்துக்கு ஒரு புள்ளிகூட அடித்துத் தந்ததில்லையே என்று. லிபரோ அடிக்கவே கூடாது என்பது விதியடா, விசரா! அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். அடுத்தது சிவபாலன்.

"எனக்கு முத்துவில ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா லிபரோவுக்கு மஞ்சள்தானே குடுக்கவேணும்? நவத்தின்ர இலக்கத்தை மஞ்சளில அடிச்சா அது அவருக்குச் செய்யிற அவமரியாதை. சிவப்பில எண்டால் தாராளமாக் குடுக்கலாம்."

பாருங்கள் கெட்டித்தனத்தை! ஒரு மனிதனின் ஆசையைத் துணியின் நிறத்தைச் சொல்லிக் கொன்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் கொடுக்க மனமில்லாமல் சாயம் சரியில்லை என்றார்கள். உண்மையான காரணத்தைக் கடைசி வாங்கிலிருந்து ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார். "நல்ல மனிசன்தான். ஆனா எங்கட ஆள் இல்லையே." ஆமாம் என்று தலைகள் ஆடின. இந்த நாட்டுக்கு வந்து, இந்த நாட்டுக்காரர் எங்களை அப்படிப் பார்க்கிறார்கள் என்று வாய் ஓயாமல் முறையிடுகிறவர்களின் தலைகள்தான் அவை.

எதிராக எட்டுக் கைகள் எழுந்தன. ஆதரவாக ஒன்றும் எழவில்லை. மூன்று பேர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அந்த மூவரில் நான் ஒருவன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன் என்பது என் சாட்டு. பேனையை வைத்துவிட்டுக் கையைத் தூக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். செயலாளர் இந்தியாக்காரன் பக்கம் என்பார்களே என்று பயந்தேன். கூச்சமில்லாமல் சொல்வதானால், அதுதான் காரணம். அதற்கு மேல் ஒரு வேலை செய்தேன். ஆதரித்து ஒருவரும் இல்லை, ஆகவே 'ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுதினேன்.

முத்துவை உள்ளே கூப்பிட்டார்கள். சிவபாலன் அவருடைய தோளில் கை போட்டார். "குறை நினையாதேயும் ஐசே. ஏகமனதாத்தான் முடிவெடுத்தனாங்கள்" என்றார், அதில் ஏதோ ஆறுதல் இருக்கிறதுபோல. முத்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன். "சரிங்க அண்ணாச்சி, அதனால என்ன" என்றார். பிறகு நேரே மேசைக்குப் போய், மட்டன் ரோல்ஸை ஒவ்வொரு தட்டாக எடுத்து எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முதலே வந்து வலை கட்டிக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு வருடம் ஆடினார், பெயர் வாசிக்கும்போது "நவம் எங்களோட" என்று முன்னைப்போலவே உரத்துச் சொன்னார். ஒரு சொல் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பேன்.

இனி இறுதிச் சடங்கு நடந்த மண்டபம். சிவபாலன் தவமணி அக்காவிடமிருந்து வாங்கி வந்த சிவப்பு ஜேர்சியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சவப்பெட்டியின்மேல் போர்த்துவது என்று அவர்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். போர்த்தியதும் படம் எடுக்க ஒருவர் ஆயத்தமாக நின்றார். சிவப்பில்தானே கொடுக்கலாம் என்றார்கள், இப்போது கொடுக்கலாம், பிணம் பந்து எடுக்காதே! செல்வக்கனியைக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று மறித்துவிட்டு, நானே போய்க் கேட்டேன். அவள் அந்த ஜேர்சியைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. அவியளுக்குப் பதினாலு இருக்கு. தொவச்சுக் கொண்டாந்திருக்கேன். அதப் போட்டே போவட்டும்."

மஞ்சள் ஜேர்சியை அவளே விரித்துப் போர்த்தினாள். படம் எடுக்க நின்றவர் கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

கார்த் தரிப்பிடத்தில் தவமணி அக்காவைக் கையைப் பிடித்து ஏற்றிவிடப் போனபோது அவர் கேட்டார்.

"நாதன், உந்த ஜேர்சியை ஏன் கொண்டு வந்தவங்கள்? போத்துறதுக்கு எண்டு தெரிஞ்சிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டன். உயிரோட இருக்கேக்க குடுக்காம?"

"அடிகாரன்ர இலக்கத்தை எடுக்கிறவனுக்குக் குடுக்கேலாது எண்டு சொன்னவங்கள் அக்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆர் அடிகாரன்? என்ர தம்பியோ? அவன் எப்ப அடிச்சவன்? அவன் கட்டை ஆளெல்லோ. வலைக்கு மேல கையே வராது. பின்னுக்கு நிண்டு பந்து எடுக்கிறதுதான் அவன்ர வேலை. முழங்கையெல்லாம் தேஞ்சு போய் வருவான், நான்தான் எண்ணெய் பூசி விடுறனான்."

குரும்பட்டி, நிலம் குழிந்தது, மேடையில் நான் வாங்கின கைதட்டு, எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அக்கா மறைக்கவில்லை.

"நீங்களெல்லாரும் அவனைப் பெரிய அடிகாரன் எண்டு கொண்டாடேக்க எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது, மோனை. செத்த பிள்ளை. நல்லாத்தானே சொல்லுறியள் எண்டு விட்டிட்டன். முத்துவுக்கு மட்டும் முந்தியே சொன்னனான். கரட்டும் லீக்ஸும் கொண்டு வந்து தாறவன், வந்தால் கதைச்சுக்கொண்டு இருப்பான். கூட்டத்தில நடந்ததைக் கேள்விப்பட்டு, நான் வந்து எல்லாருக்கும் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டன். அவன்தான் மறிச்சவன். 'வேண்டாம்க்கா, அடிச்சாருன்னே இருக்கட்டும், அவிய ஆசப்பட்டு வச்சிருக்காவ' எண்டான்."

முத்து, உமக்கு என்ன ஐசே விசரோ? கையில் துருப்புச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ரோல்ஸ் பரிமாறினீரே! கூட்டத்தின் நடுவில் வந்து, உங்கள் நவமும் என்னைப்போல எடுக்கிறவன்தான், பொய்யை வைத்துக்கொண்டு என்னைத் தள்ளுகிறீர்களா என்று நாக்கைப் பிடுங்கிச் சாகிறமாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமோ? எங்கள் பொய் நோகக் கூடாதென்று உம்மை நோகவிட்டீர். உம்மிலும் எனக்குக் கோபம்தான். நல்லவனாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

சிவபாலனிடம் அன்றைக்கே சொன்னேன். "அக்காவுக்கு வயசு போட்டுது அண்ணை, மாறிச் சொல்லுறா" என்றார். இரண்டாம் கிழமை குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. முத்துவின் நினைவாக ஏழாம் இலக்கம் இனி எவருக்கும் வழங்கப்பட மாட்டாதாம். எப்படி? இப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் ஆடுகிறார்கள், நாளைக்கு அவர்கள் கேட்டுவிடக் கூடாது, அதற்கு முத்துவின் பிணத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவித்தலுக்கும் முப்பது பேர் கைகூப்பினார்கள். நான் செயலாளர் பதவியை விட்டேன். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புக்கெகோஹிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே தீர்மானம்தான். கூட்டத்தில் நடந்ததைச் செல்வக்கனியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். சாப்பாடு முடிந்து சனம் கலைந்தது. அவள் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் தொடங்குவதற்கு முன் அவள் தொடங்கிவிட்டாள்.

"அந்தக் கூட்டம் முடிஞ்சு வந்தன்னைக்கு அவிய சாப்பிடாமப் படுத்துட்டாவ அண்ணாச்சி. என்ன ஏதுன்னு சொல்லவே இல்ல. நான் விடல. அப்புறந்தான் சொன்னாவ. 'குடுக்கல கனி. எல்லாரும் வேண்டாம்னுட்டாவ. ஆனா அண்ணாச்சி ஒருத்தரு எனக்காவக் கை தூக்குனாரு. அது போதும்'னாவ. சொல்லிட்டு எந்திச்சு சோறு தின்னாவ. அதுலருந்து ஒங்க பேச்சு வந்தாலே எனக்கு எங்க கூடப்பொறந்தவன் மாதிரி."

கோப்பி கையில் இருந்தது. குடித்தேன். நல்ல கோப்பி என்று சொன்னேன்.

அவருக்குத் தெரியும். ஏகமனதாக என்று சிவபாலன் அவர் தோளைத் தட்டிச் சொன்னது நான் பார்த்திருக்கத்தான். தெரிந்துகொண்டுதான் தன் மனைவியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவள் மனம் ஆறட்டும் என்று சொன்னாரோ, தனக்கு ஒரு வாய் சோறு இறங்கட்டும் என்று சொன்னாரோ, என்னை அவளுக்கு முன்னால் காப்பாற்றச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லை.

சிவபாலன், இதை உமது மலரில் போட்டால் போடும், விட்டால் விடும். நான் வேறெங்காவது போடுவேன். முத்துவின் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சாகும்வரை பொத்தி வைத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டு கிழமைக்கொருமுறை அந்தப் பிள்ளை தொலைபேசியில் எடுத்து, சாப்பிட்டியளா அண்ணாச்சி என்று கேட்கிறாள். என்னால் முடியவில்லை.

செல்வக்கனி, தங்கச்சி, நான் கை தூக்கவில்லை.